சர்வோ முனகினால் சப்-டிரிம்மைத் தேடாதீர்கள்

கேள்வி: ரேடியோவில் இயக்கும், 1.5 மீட்டர் இறக்கை உள்ள பால்சா மரப் பயிற்சி விமானம் கட்டியிருக்கிறேன். இறக்கையின் இரு பக்கமும் ஏலரானுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை) ஆளுக்கொரு ஸ்டாண்டர்ட் சர்வோ (அதை அசைக்கும் சிறு மோட்டார்). இடது ஏலரான் வலதைவிட அதிகமாக இறங்குகிறது. டிரான்ஸ்மிட்டரில் சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் சப்-டிரிம்மைக் கடைசி வரை தள்ளியும் சமமாகவில்லை. ஸ்டிக்கைத் தொடாதபோதும் ஒரு சர்வோ முனகிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: டிரான்ஸ்மிட்டரில் செய்த மாற்றங்களை முதலில் அழித்துவிடுங்கள். டிரிம், சப்-டிரிம் இரண்டும் பூஜ்யம், எண்ட் பாயிண்ட் (அசைவின் எல்லை) 100 சதவீதம். கோளாறு பெரும்பாலும் சர்வோ கையும், அதிலிருந்து ஏலரானுக்குப் போகும் கம்பியும் சேரும் இடத்தில்தான் இருக்கும். சப்-டிரிம்மை ஓரத்துக்குத் தள்ளினால் சர்வோ நடுவிலிருந்து விலகி நின்றுவிடும். பிறகு இரு பக்கமும் சமமாக அசைவதற்கு வழியே இல்லை.

மின்மோட்டார் விமானம் என்றால் புரொப்பெல்லரைக் கழற்றிய பிறகே பேட்டரியை மாட்டுங்கள். கம்பியைக் கழற்றி, சர்வோ கையையும் எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் சர்வோ நடுவுக்கு வந்து நிற்கும். இப்போது கையை மாட்டும்போது அதற்கும் கம்பிக்கும் இடையே 90 டிகிரி அமைய வேண்டும். முதல் தடவையிலேயே அமைவது அரிது. 25 பல் உள்ள தண்டில் ஒரு பல் நகர்த்தினாலே 14.4 டிகிரி மாறிவிடும். பெட்டியில் வரும் நான்கு கை ஹார்ன் (சிலுவை வடிவ சர்வோ கை) இங்கேதான் கைகொடுக்கும். 25 நான்கால் வகுபடாது. அதனால் ஒவ்வொரு கையும் கால் பல் அளவுக்கு, அதாவது 3.6 டிகிரி, வேறுபட்டு நிற்கும். நான்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். 90-க்கு மிக நெருங்கி வரும் கையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடுங்கள். எஞ்சும் இரண்டு டிகிரிக்கும் குறைவான பிசகுக்குத்தான் சப்-டிரிம்.

அடுத்து ஏலரான் பக்கம். ஏலரானில் கம்பி மாட்டும் ஹார்னின் துளைகள் கீல் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் போனாலும் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று அசையும். இடது, வலது கிளிவிஸ்கள் (கம்பி நுனியில் உள்ள கொக்கிகள்) ஒரே எண்ணிக்கைத் துளையில் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். தேவையான அசைவு கிடைக்கும் வரை சர்வோ கையில் உள்துளை, ஏலரான் ஹார்னில் வெளித்துளை என்பதே நல்லது. வலு கூடும், ஆட்டம் குறையும். ஆட்டம் இருந்தால் வேகத்தில் ஏலரான் படபடக்கும். அந்தப் படபடப்பு இறக்கையையே முறித்துவிடக் கூடியது.

முனகலுக்கு வருவோம். கம்பியைக் கழற்றியதும் சத்தம் நின்றால் சர்வோமேல் குற்றமில்லை. ஏலரானைக் கையால் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் கீலில் பசை ஏறியிருக்கலாம். விழுந்தால் கம்பி வளைவு துளைக்குள் இறுகியிருக்கலாம். கம்பி இல்லாமலும் முனகினால் சர்வோவைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிஜிட்டல் சர்வோ என்றால் மெல்லிய ரீங்காரம் இயல்பு.

சர்வோவை மீண்டும் பொருத்தும்போது பலர் தவறவிடுவது பித்தளைக் குழல். அதை ரப்பர் குரோமெட்டுக்குள் (சர்வோவின் திருகுத் துளையில் உள்ள வளையம்) கீழிருந்து நுழைக்க வேண்டும். அகன்ற விளிம்பு மரத்தின்மேல் உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்டால் திருகு ரப்பரை நசுக்கி, அதிர்வு நேராகச் சர்வோவுக்குள் போகும். சர்வோ உடலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். திருகை ஒருமுறை முடுக்கிக் கழற்றி, துளையில் தண்ணீர் போன்ற சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டு, நன்றாகக் காய்ந்தபின் முடுக்கினால் மரம் பிடி விடாது.

நுரை விமானம் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: ஹாட் குளூவை மட்டும் நம்பிச் சர்வோவை ஒட்டாதீர்கள். பினாங்கு வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அது இளகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஸ்கேலால் இரு ஏலரான்களின் அசைவையும் மேலும் கீழும் அளந்து, விமானத்துடன் வந்த கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு வால் பக்கம் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள்: வலது ஏலரான் மேலே, இடது கீழே. மாறி அசைந்தால் டிரான்ஸ்மிட்டரில் சர்வோ ரிவர்ஸை மாற்றுங்கள், கம்பியைத் தொட வேண்டாம்.