மும்பை போகிறீர்களா? ஹோட்டல் பட்டியலைக் கொஞ்சம் மடித்து வையுங்கள்

டிசம்பரில் மூன்று நாள் மும்பை போகிறோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயது மாமியார். சுத்த சைவம். மாமியாருக்கு முழங்கால் வலி, முட்டை வாசனையும் ஆகாது. இன்டர்நெட்டில் பார்த்து இருபதுக்கு மேல் ஹோட்டல் பெயர் எழுதி வைத்திருக்கிறோம், எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?
— வாசகி, ஸ்ரீரங்கம்

பாதிக்கு மேல் விட்டுவிடுங்கள். அதில் எந்தக் கடை நல்ல கடை என்று நான் அலசப்போவதில்லை, எல்லாமே நல்ல கடையாக இருந்தாலும் ஒரு ஹோட்டலுக்காக ஊரைக் குறுக்கே கடந்து போகிற வேலை மும்பையில் ஆகாது. அந்த ஊர் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது, சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சாட் தட்டுக்காக டாக்ஸியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளைகள் உங்களைச் சும்மா விட மாட்டார்கள். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரியுங்கள், அங்கே என்ன நன்றாக இருக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள்.

முதல் நாள் தெற்கு மும்பை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா குகைக்குப் படகு, போக ஒரு மணி நேரம் பிடிக்கும். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், இதைப் பார்க்காமல் டிக்கெட் போடுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே இருக்கும் மூன்று முகச் சிவன் சிற்பம் ஏறக்குறைய 20 அடி உயரம், அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் வந்துவிடாதீர்கள். ஆனால் குகைக்கு ஏற நூற்றுக்கும் மேல் படிகள். டோலி நாற்காலியில் தூக்கிப் போவார்கள், கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். மாமியாருக்கு அது சங்கடம் என்றால் அவரும் இன்னொருவரும் கேட்வே பக்கத்திலுள்ள சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும், மற்றவர்கள் படகில் போய் வாருங்கள்.

சாப்பாட்டுக்கு குஜராத்தி தாலி. கால்பாதேவியில் ஸ்ரீ தாக்கர் போஜனாலயம் பழைய பெயர், கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள், போதும் என்றாலும் நெய் விழும். ஆனால் அது மாடியில் இருக்கிறது, அதனால் உங்கள் வீட்டுக்கு சர்ச்கேட் பக்கம் சாம்ராட் சரிப்படும். பருப்பில் வெல்லம் இருக்கும் என்று மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் வாயிலேயே முகம் மாறிவிடும். அப்புறம் அங்கேயே கே. ரஸ்டம் கடையில் இரண்டு வேஃபருக்கு நடுவில் ஐஸ்கிரீம் கட்டியை வைத்துத் தருவார்கள், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மெரின் டிரைவில் நடந்தால் சாயங்காலம் முடிந்தது.

இரண்டாம் நாள் மாதுங்கா, தாதர். மும்பை வரை போய் இட்லியா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். வெளியூரில் வயதானவர்களுக்கு ஒரு காலைப்பொழுதாவது நம் டிபனும் ஃபில்டர் காபியும் கிடைத்தால் மீதி நாள் சண்டையில்லாமல் ஓடும். தமிழர்கள் தலைமுறைகளாக இருந்த பேட்டை அது, பூக்கட்டும் கடையும் கோயிலும் ஸ்ரீரங்கத்தை நினைவுபடுத்தும். கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ், மாதுங்கா ஸ்டேஷன் எதிரே ராமாஷ்ரயா, இரண்டுமே உடுப்பிக் கை, சாம்பாரில் லேசாக இனிப்பு தட்டும். கஃபே மெட்ராஸுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மதியம் தாதரில் ஆஸ்வாத், மராத்திச் சைவம்: மிசல் (முளைகட்டிய பயறுக் குழம்பு, பாவோடு), தாலிபீட் (பல மாவு சேர்த்த அடை), கொத்துமல்லி வடி. மிசல் காரம் நம் ஆந்திரா மெஸ்ஸைத் தொடும், பிள்ளைகளுக்கு வேண்டாம். சித்திவிநாயகர் கோயிலும் பக்கம்தான், செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் மாமியாரால் நிற்க முடியாது.

மூன்றாம் நாளை நான் நிரப்பப் போவதில்லை. அன்றைக்கு யாருக்காவது கால் வலிக்கும், யாருக்காவது ஷாப்பிங் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பட்டியலில் இரானி கஃபே கட்டாயம் இருக்கும். 1904-லிருந்து இருக்கும் கயானி மாதிரி இடங்களில் பன் மஸ்காவும் டீயும் பிரமாதம், ஆனால் பக்கத்து மேஜையில் ஆம்லெட்டும் கீமாவும் (கொத்துக்கறி) ஓடும், மாவா கேக்கிலும் முட்டை உண்டு. நீங்களும் கணவரும் மட்டும் போய் வாருங்கள்.

போக்குவரத்துக்கு, 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்த மெட்ரோ 3 உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கிறது: விமான நிலையம், சித்திவிநாயகர், கால்பாதேவி, சர்ச்கேட் எல்லாம் ஒரே பாதையில், லிஃப்டும் உண்டு.

ஜூலையில் ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் மும்பை. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. எங்கே போகலாம்?
— வாசகர், தூத்துக்குடி

தூத்துக்குடிக்காரருக்கு மீன்பிடித் தடைக்காலம் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பக்கம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை. நீங்கள் போகும்போது விசைப்படகு எதுவும் கடலில் இருக்காது, தட்டில் வருவதில் ஐஸ் மீன் நிறைய இருக்கும். ஆபீஸில் கேட்டுப் பயணத்தை செப்டம்பர் கடைசிக்குத் தள்ள முடியுமா பாருங்கள், மீனுக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எப்போது போனாலும், ஃபோர்ட் பக்கம் வேலை என்றால் மகேஷ் லஞ்ச் ஹோமில் மங்களூர் கஸியும் (தேங்காய் அரைத்த குழம்பு) நீர்தோசையும். பாந்த்ரா கிழக்கு என்றால் ஹைவே கோமந்தக், விலே பார்லே என்றால் கஜாலி. சுர்மை என்றால் நம் வஞ்சிரம், பாப்லெட் என்றால் வாவல், பாங்டா என்றால் அயிலை. இதெல்லாம் நீங்கள் ஊரிலேயே சாப்பிடுகிறதுதான், அதனால் முதலில் பொம்பில் (பாம்பே டக் என்கிற மீன்) வறுவல் கேளுங்கள், ரவையில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்திருப்பார்கள், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். கடைசியில் சோல்கடி, கோகம் என்கிற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்தது, ரசத்துக்குப் பதில் அதைக் குடியுங்கள். மீனுக்கு ஒரு நாள் விடுமுறை விட மனம் வந்தால், 1923-லிருந்து பலார்ட் எஸ்டேட்டில் இருக்கும் பிரிட்டானியாவில் பெர்ரி புலாவ். மதியம் மட்டும்தான் திறந்திருக்கும், ராத்திரி போய் பூட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) இன்டர்வியூ, தனியாகப் போகிறேன். லோக்கல் ரயில் கூட்டத்தை வீடியோவில் பார்த்தே பயமாக இருக்கிறது. கையில் காசும் குறைவு.
— வாசகி, விருதுநகர்

இன்டர்வியூ அன்று மெட்ரோ 3-இலேயே போங்கள் அம்மா, பி.கே.சி. என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, புடவையோ சுடிதாரோ கசங்காமல் இறங்கலாம். லோக்கலில் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் பெண்கள் பெட்டி தனியாக உண்டு, காலை எட்டிலிருந்து பதினொன்று வரையும் மாலை ஐந்தரைக்கு மேலும் தவிர்த்தால் உட்காரக்கூட இடம் கிடைக்கும். பலகையில் ஃபாஸ்ட்டா ஸ்லோவா என்று பார்த்து ஏறுங்கள், ஃபாஸ்ட் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. விரார் ஃபாஸ்ட்டில் மட்டும் சாயங்காலம் ஏறிவிட்டு நடுவில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள், இறங்க விட மாட்டார்கள், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, விலக இடமிருக்காது. தங்குவதற்குத் தாதர் பக்கம் பாருங்கள், வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டு லைனும் அங்கே சந்திக்கின்றன. காசைப் பொறுத்தவரை மும்பை நல்ல ஊர். வடாபாவ் வயிற்றை நிரப்பும், 1966-இல் தாதர் ஸ்டேஷன் வாசலில்தான் அசோக் வைத்யா என்பவர் அதை விற்க ஆரம்பித்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். உருளைக்கிழங்கு போண்டாவை பாவுக்குள் வைத்து, காய்ந்த பூண்டுச் சட்னி தூவித் தருவார்கள். இன்டர்வியூ முடிந்த பிறகு சாப்பிடுங்கள், பூண்டு வாசனை லேசில் போகாது.

சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனில் இறங்கி கொலாபாவுக்கு ஆட்டோ எவ்வளவு கேட்பார்கள்?
— வாசகர், ஈரோடு

ஒன்றும் கேட்க மாட்டார்கள், அந்தப் பக்கம் ஆட்டோவே கிடையாது. பாந்த்ரா, சயனுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியில்லை. கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் ஏறி, மீட்டர் போடச் சொல்லுங்கள்.