மயில் பச்சை ஷால் – கடிதமும் பதிலும்

லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 26. கல்லூரி இரண்டாம் ஆண்டில் நானாகத்தான் ஹிஜாப் கட்டத் தொடங்கினேன். வீட்டில் யாரும் சொல்லவில்லை, உம்மாவே வியந்தார். எனக்கு நிறங்கள் பிடிக்கும். சுடிதாருக்கு ஏற்ற ஷால், அதற்கு ஏற்ற பின் என்று வாரத்தில் ஐந்து நாளும் ஐந்து விதமாகக் கட்டுவேன்.

அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் பெண் மிகுந்த கனிவோடு, “வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களா?” என்று கேட்கிறாள். ஊருக்குப் போனால் மதினி, “இது ஹிஜாபா, அலங்காரமா? கருப்பு பர்தாதான் காலம் காலமாக நம் அடையாளம்” என்கிறார். இருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது கண்ணாடி முன் நிற்கும்போது எனக்கே சந்தேகம் வருகிறது. அல்லாஹ்வுக்காகக் கட்டுகிறேனா, பார்ப்பவர்களுக்காகவா?

அடுத்த மாதம் தோழியின் திருமணம். மயில் பச்சையில் ஒரு பட்டு ஷால் வாங்கி வைத்திருக்கிறேன். எடுத்துக் கட்டக் கை வரவில்லை.

எஸ்., சென்னை

*

அன்புள்ள எஸ்.,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் மதினியிடம் ஒன்று கேளுங்கள். அவருடைய உம்மம்மா கருப்பு உடுத்தினாரா? என் உம்மம்மா உடுத்தவில்லை. அவருக்குச் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டிதான். நீலம் போட்டு அலசி, கஞ்சி போட்டுக் காயவைத்து, மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டிக்குள் வைத்திருப்பார். அடுத்த தெருவுக்குப் போக ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று. கல்யாண வீட்டுத் துப்பட்டியின் ஓரத்தில் வெள்ளை நூலிலேயே பூ வேலை இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் தெரியாது, பக்கத்தில் வரும் பெண்களுக்கு மட்டும் தெரியும். அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அவர் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து அந்தப் பூவைப் போட்டார். அவருடைய தொழுகை ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கருப்பு எங்கள் வீட்டுக்கு எண்பதுகளின் கடைசியில் வந்தது. துபாயிலிருந்து வந்த மாமாவின் பெட்டியைத் திறந்தபோது, கோடாலித் தைலத்துக்கும் நிடோ பால் மாவுக்கும் நடுவில், பளபளவென்று ஒரு அபாயா, உடல் முழுதும் மூடும் கருப்பு அங்கி, இருந்தது. அதற்காக நானும் என் சாச்சி மகளும் போட்ட சண்டை இன்னும் நினைவிருக்கிறது. அன்று அது எங்கள் தெருவில் புது நாகரிகம். உம்மம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னடி இது, காக்காய் மாதிரி” என்றார். இன்று உங்கள் மதினி காலம் காலமாக என்று சொல்வது அந்தக் காக்காயைத்தான். அவர் விரும்பி உடுத்துகிறார் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கருப்பின் வயதைக் கூட்டிச் சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. நாகூர், காரைக்கால் பக்கத்தில் நம் பெண்கள் வீட்டில் உடுத்தும் பாத்திக் கைலி கடல் தாண்டி வந்த சரக்கு. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆண்கள் கொண்டுவந்தார்கள். அப்போது கப்பல், பிறகு விமானம், இப்போது உங்கள் கைப்பேசி. துணி எப்போதும் எங்கிருந்தோ வந்துகொண்டேதான் இருக்கிறது.

நான் மார்க்கம் படித்த ஆலிமா இல்லை. ஆனாலும் ஒரு வசனத்தைச் சொல்கிறேன், மதினி நிச்சயம் ஓதியிருப்பார். குர்ஆனின் ஏழாவது அத்தியாயம், 26ஆவது வசனம். ஆதமின் மக்களுக்கு உடலை மறைக்கும் ஆடையையும் அலங்காரத்தையும் அருளியதாக இறைவன் சொல்லும் இடம். அலங்காரம் என்று நாம் பெயர்க்கும் இடத்தில் அரபியில் ‘ரீஷ்’ என்று இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பறவையின் இறகு என்று பொருள். மறைப்பதும் அழகும் ஒரே மூச்சில் வருகின்றன. இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்று அடுத்து வருவதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஆடையை அணிந்திருப்பவர் யார் என்று என் கண்ணுக்கும் தெரியாது, மதினியின் கண்ணுக்கும் தெரியாது.

இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே பாட்டிமார்கள் முன்முடி தெரிய மெல்லிய துணியைத் தலையில் தளர்வாகப் போட்டுக்கொண்டவர்கள். தலையை இறுக்கிக் கட்டும் துணியை, அங்கே அதற்கு ஜில்பாப் என்று பெயர், மாணவிகள் கட்டத் தொடங்கியபோது 1982இல் வந்த சீருடை விதி அதற்கு இடம் தரவில்லை. அரசுப் பள்ளிகளிலிருந்து பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1991இல்தான் அனுமதி கிடைத்தது. பிறகு அதுவே பெரிய வியாபாரமானது. 2016இல் அனீசா ஹசிபுவான் என்ற வடிவமைப்பாளர் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் தன் மாடல்கள் அத்தனை பேரையும் ஹிஜாபோடு நடக்கவிட்டார். எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், உம்ராவுக்கு, அதாவது மக்கா பயணத்துக்கு, பணம் கட்டிய ஆயிரக்கணக்கானவர்களை ஏமாற்றிய வழக்கில் அவருக்கு 18 ஆண்டுச் சிறை. 2021இல் பாடாங் நகரத்து அரசுப் பள்ளி ஒன்று, கிறிஸ்தவ மாணவியையும் ஜில்பாப் கட்டச் சொல்லி மாட்டிக்கொண்டது. நாற்பது ஆண்டுக்குள், ஒரே துணியைக் கட்டியதற்காகத் துரத்தினார்கள், கட்டியதற்காகக் கைதட்டினார்கள், கட்டாததற்காக மிரட்டினார்கள்.

உங்கள் அலுவலகத் தோழியின் கேள்வி எனக்கு மதினியின் கேள்வியைவிட அலுப்புத் தருகிறது, அதில் கனிவு இருப்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஹிஜாபோடு வகுப்புக்குள் விடாததால் உடுப்பி மாணவிகள் தொடுத்த வழக்கிலும் இதேதான் நடந்தது. ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கமா என்று ஆராய்ந்து, இல்லை என்று 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். அவர்களில் நீதிபதி சுதான்ஷு தூலியா, அந்த ஆராய்ச்சியே தேவையில்லை, இது அந்தப் பெண்ணின் தேர்வு என்று எழுதினார். அந்தப் பிள்ளைகள் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தானே?

ஆனால் தோழியின் கேள்வியை முழுதாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. கட்டாயத்தில் கட்டுபவர்களை எனக்குத் தெரியும், என் உறவிலேயே இருக்கிறார்கள். அதனால் அவள் கேட்டதைக் கொஞ்சம் மாற்றி நான் கேட்கிறேன்: நாளை வேண்டாம் என்று தோன்றினால் உங்களால் கழற்ற முடியுமா? உம்மா என்ன சொல்வார்? போகப்போகிற வீட்டில் என்ன சொல்வார்கள்? எனக்கு எழுத வேண்டாம், நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது என்றால், தோழிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

அல்லாஹ்வுக்காகவா, பார்ப்பவர்களுக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். உம்மம்மாவிடம் கேட்டிருந்தால், “ரெண்டுக்குந்தான், போ” என்றிருப்பார். என்னைக் கேட்டால், நான் சேலை முந்தானையை முக்காடாகப் போடுகிறவள். மேடையில் பேசும்போது அது நழுவும். நழுவிய படம் வெளியானால் ஒரு கூட்டம் திட்டிக் கடிதம் எழுதும், நழுவாத படம் வெளியானால் இன்னொரு கூட்டம். இருபது வருடமாக இரண்டையும் வாசிக்கிறேன். நான் என்ன பேசினேன் என்று அவற்றில் பாதிக்கு மேல் ஒரு வரிகூட இருப்பதில்லை.

கல்யாணத்துக்கு மயில் பச்சையைக் கட்டுங்கள். பட்டு வழுக்கும், உள்ளே பருத்தித் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். குண்டூசி குத்தினால் இழை பிரிந்துவிடும், அதனால் காந்தப் பின் வாங்கிக்கொள்ளுங்கள். மதினியும் வருகிறார் என்றால் அவருக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள். கருப்புப் பட்டும் வழுக்கத்தான் செய்யும்.