பலகையில் தலை இடித்தது ஏன்?

1988 சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க டைவிங் வீரர் கிரெக் லூகானிஸின் தலை ஸ்பிரிங்போர்டில், அதாவது குளத்தில் குதிக்க உதவும் துள்ளு பலகையில், இடித்தது. 1984இல் இரண்டு தங்கம் வென்றவருக்கே எப்படி அப்படி ஆனது?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

3 மீட்டர் உயரப் பலகையின் தகுதிச் சுற்றில் ஒன்பதாவது டைவ் அது. ‘ரிவர்ஸ்’ வகை: தண்ணீரைப் பார்த்து எம்பி, உடம்பைப் பலகைப் பக்கமாகப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். இரண்டரைக் கரணம், அதுவும் ‘பைக்’ நிலையில், அதாவது முழங்கால் மடங்காமல் இடுப்பில் மட்டும் மடிந்து.

காற்றில் ஏறிய பிறகு உடம்பு போகும் பாதையை யாராலும் மாற்ற முடியாது. சுருண்டால் வேகமாகச் சுழலும், விரிந்தால் மெதுவாகச் சுழலும், அவ்வளவுதான். எவ்வளவு உயரம், பலகையை விட்டு எவ்வளவு விலகல் என்பதெல்லாம் கால் பலகையில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. லூகானிஸ் அன்று ஏறக்குறைய நேர் மேலே எம்பிவிட்டார். உயரம் கிடைத்தது, விலகல் போதவில்லை.

புதிதாக ரிவர்ஸ் பழகுபவர்கள் வேறு விதமாக மாட்டிக்கொள்வார்கள். பலகை மேலே வந்து முடிவதற்குள் தலையையும் தோளையும் பின்னால் வீசிவிடுவார்கள், சுழற்சி சீக்கிரம் கிடைக்கும் என்று! தோளோடு எடையும் பலகைப் பக்கம் சாய்ந்துவிடும். கடைசி எம்பலில் நுனிக்குச் சற்று உள்ளேயே இறங்குவதும் ஆபத்து: பலகை குறைவாகத்தான் வளையும், தாண்ட வேண்டிய நுனியும் எதிரே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் இடுப்பில் பெல்ட் கட்டி, தரைப் பலகையில் அரைக்கரணத்திலிருந்து பழக்குகிறார்கள்.

தையல் போட்டுக்கொண்டு வந்து லூகானிஸ் செய்த அடுத்த டைவுக்கு 87.12 புள்ளி. மறுநாள் இறுதிச் சுற்றில் இடி வாங்கிய அதே டைவையும் செய்தாக வேண்டியிருந்தது, செய்தார். மொத்தம் 730.80, தங்கம். அந்தப் பதக்கத்தைவிட அந்த ஒரு டைவ்தான் பெரிது என்பேன்.

‘305பி’ என்று அறிவிக்கிறார்களே, என்ன கணக்கு? மார்க் எப்படிப் போடுகிறார்கள்?
— ஒரு வாசகர், கரூர்

லூகானிஸுக்கு இடித்த டைவின் எண்ணே அதுதான். 3 என்பது ரிவர்ஸ் வகை. 0 என்றால் ‘ஃப்ளையிங்’ (கரணத்தின் ஒரு பகுதியில் உடம்பை நேராக விரித்து வைப்பது) இல்லை. 5 என்பது அரைக்கரணங்களின் எண்ணிக்கை, ஆக இரண்டரை. ‘பி’ என்றால் பைக்.

இப்போதைய ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் 7 நடுவர்கள். 7, 7.5, 8, 8, 8, 8.5, 8.5 என்று மார்க் விழுந்தால் மேலே இரண்டும் கீழே இரண்டும் கழிந்துவிடும். மிச்சம் மூன்றின் கூட்டுத்தொகை 24. 3 மீட்டர் பலகையில் 305பியின் கடின எண் 3.0, பெருக்கினால் 72 புள்ளி. வேண்டியவருக்கு ஒரு நடுவர் மட்டும் வாரி வழங்கினாலும் பெரிதாக எடுபடாது.

எம்புவதற்கு முன் காலால் ஒரு சக்கரத்தை உருட்டுகிறார்களே, எதற்கு?
— ஒரு வாசகர், ஈரோடு

பலகையை அடியில் தாங்கும் உருளையை நகர்த்துகிறார்கள். தண்ணீரை விட்டுப் பின்னால் தள்ளினால் பலகை இளகி, ஆழமாக வளைந்து மெதுவாகத் திரும்பும். முன்னால் கொண்டுவந்தால் விறைப்பாகி, சட்டென்று திரும்பும். ஆசைப்பட்டு அளவுக்கு மேல் பின்னால் தள்ளினால், பலகை திரும்பும் வரை கால் பொறுக்காது. முன்னதாகவே உதைத்துவிடும், உயரம் போய்விடும்.