காலையில் 148, பத்து நிமிடத்தில் 131: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 61 வயது, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். பலதுறை மருந்தகத்தில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 152/88. மகள் வாங்கித் தந்த கருவியில் வீட்டில் பார்த்தால், சந்தைக்குப் போய் வந்ததும் மேல் எண் 148, பத்து நிமிடம் கழித்து 131. கருவி கோளாறா?

பதில்: கருவி மேல் எனக்குச் சந்தேகமில்லை. சந்தைப் பையை இறக்கி வைத்த கையோடு பார்த்தீர்களே, சந்தேகம் அதன் மேல்தான். ரத்த அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு மாறும். நடந்தால், பேசினால், பேரனை அதட்டினால் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும்.

கோப்பி குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். சிகரெட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் அதே கணக்கு. பிறகு சோபாவை விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பேச்சும் கைப்பேசியும் வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது கையில்தான். கையை மடியில் போட்டால் புஜத்தில் கட்டும் பட்டை இதயத்துக்குக் கீழே போய்விடும். 10 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே 7, 8 புள்ளி கூடக் காட்டும். அந்த உயரத்து ரத்தத்தின் எடையும் சேர்ந்துகொள்கிறது. மேசையில் மடித்த துண்டை வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி கையை அதன் மேல் கிடத்துங்கள். சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். புஜத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுங்கள்; சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலோ, அப்புறம் அந்தக் கையிலேயே தொடருங்கள்.

காலையில் மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன்பு, மாலையில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இப்படி ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரிதான் உங்கள் எண். 148-ம் இல்லை, 131-ம் இல்லை.

மருந்தகத்தில் 140/90-ஐ வரம்பாகப் பார்ப்பார்கள். வீட்டுச் சராசரிக்கு அது 135/85. மருத்துவர் முன்னால் மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு. அங்கே ஒழுங்காக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு, எனக்குக் கவலை இவர்களைப் பற்றித்தான். எப்படி இருந்தாலும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

180/120-ஐத் தாண்டினால் பதறாமல் ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் மறுபடி அளக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

அடுத்த சந்திப்புக்குக் குறிப்பேட்டோடு கருவியையும் எடுத்துப் போங்கள். அங்குள்ள கருவியோடு வைத்துப் பார்க்கச் சொல்லலாம். நல்ல எண்களை மட்டும் எழுதி வருகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 148-ஐயும் எழுதுங்கள், பக்கத்தில் 'சந்தை' என்று போட்டு.