பரோலில் போனவர் திரும்பவில்லை

கேள்வி: நாடு கடத்தப்பட்ட துருக்கி இயக்குநர் யில்மாஸ் குனே, சிறையில் இருந்தபடியே 'யோல்' படத்தை எடுத்தாராமே? ரசிகர்கள் கட்டிவிட்ட கதைதானே இது?

பதில்: கதை இல்லை. ஆனால் பாதியை முழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். முதலில், அவரை யாரும் நாடு கடத்தவில்லை. 1981இல் பரோலில் வெளியே வந்தவர் சிறைக்குத் திரும்பாமல் ஐரோப்பாவுக்குத் தப்பினார். குடியுரிமையை அரசு பிற்பாடு பறித்தது. 'யோல்' படமும் பரோலில் ஊருக்குப் போகும் ஐந்து கைதிகளின் கதைதான்!

சிறைக்குள்ளிருந்து அவர் கொடுத்தது விரிவான திரைக்கதையும் குறிப்புகளும். படப்பிடிப்பை நடத்தியவர் ஷெரிஃப் கோரென். தப்பிய பிறகு சுவிட்சர்லாந்தில் படத்தொகுப்பை முடித்தவர் குனே. 1982 கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை 'யோல்', 'மிஸ்ஸிங்' படத்தோடு பகிர்ந்துகொண்டது. துருக்கியில் 1999 வரை தடை. கோரென் பெயரையே எடுக்காமல் குனேயைப் புகழ்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கொட்டும் பனியில் கணவன் மனைவியை முதுகில் சுமந்து நடக்கும் அந்தக் காட்சிக்காகக் குளிரில் நின்றவர் கோரென்தானே?

குனேயைத் தியாகியாக்குவதும் சரியில்லை. இடதுசாரி மாணவர்களுக்கு அடைக்கலம் தந்ததற்காக 1972இல் சிறைக்குப் போனது வேறு. 1974இல் ஒரு நீதிபதியைச் சுட்டுக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றது வேறு. தப்பி ஓடியது இந்த இரண்டாவது தண்டனையிலிருந்து.

ஆனால் அவர் ஒரு கலைஞர்தான், சந்தேகமே வேண்டாம். அறுபதுகளில் 'அழகில்லாத ராஜா' என்று ஜனங்கள் கொண்டாடிய அடிதடி நாயகன் அவர். அந்த முகத்தையே 1970இல் 'உமுத்' படத்தில் குதிரை வண்டிக்காரனாக உட்கார வைத்தார். குதிரை கார் மோதிச் சாகிறது. லாட்டரிச் சீட்டில் பணம் கரைகிறது. கடைசியில் ஒரு மதகுருவை நம்பிப் புதையல் தோண்டப் போய் வண்டிக்காரனுக்குப் பித்துப் பிடிக்கிறது. ஹீரோவாக இருந்துகொண்டு தன் பிம்பத்தைத் தானே இப்படி உடைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

அப்புறம், நாட்டை விட்டு வந்து எடுத்த ஒரே படம் 'துவார்', 1983. அடுத்த வருடமே பாரிஸில், 47 வயதில், புற்றுநோயில் இறந்துவிட்டார். கையில் முழுச் சுதந்திரம் இருந்தும் பிரான்ஸில் ஒரு துருக்கிச் சிறையை உருவாக்கி அதற்குள்ளேயே கேமராவை வைத்துக்கொண்டார். கொடுமைக்கு மேல் கொடுமை, பார்க்கிறவனுக்கு மூச்சுவிட இடமில்லை. சிறையிலிருந்து எழுதிக் கொடுத்த படத்தில்தான் ரயிலும் மலையும் கண்ணுக்கெட்டிய வரை பனியும் இருந்தன.