மகளை நர்சிங் படிக்க வைக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் கணவரும் வண்டிப்பெரியாறு அருகே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். தமிழ் வழியில் படித்த எங்கள் மகள், உயிரியல் பிரிவில் பிளஸ் டூ தேறியிருக்கிறாள்; நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். பெங்களூருவில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். சம்பளம் குறைவு, இரவு வேலை வேறு என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். சேர்க்கலாமா? எந்தப் பிரிவில் சேர்த்தால் நல்ல வருமானம் கிடைக்கும்?
– வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: தாராளமாகச் சேருங்கள், சகோதரி. ஆனால் அந்த முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மகளின் அசல் சான்றிதழ்களையும் எவர் கையிலும் ஒப்படைக்காதீர்கள். கேரளத்தில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணின்படி எல்.பி.எஸ். என்ற கேரள அரசு மையத்தின் மூலம் நடக்கிறது; அரசுக் கல்லூரி இடங்களும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதில் அடங்கும். எல்லைப்புறக் குடும்பங்களில் ரேஷன் கார்டு ஒரு மாநிலத்திலும் பள்ளிக்கூடம் மறு மாநிலத்திலும் இருப்பது வழக்கம் என்பதால், உங்கள் மகள் எந்த மாநிலத்தவராகக் கருதப்படுவாள் என்பதைத் தாலுகா அலுவலகத்தில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தனியார் கல்லூரிதான் என்றாகிவிட்டால் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கைகளாவது கொண்ட மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அந்த மருத்துவமனைக்கு ஒரு காலை வேளையில் நீங்களே நேரில் சென்று, படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, மாணவிகள் அவர்களருகே நின்று வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். காலியான வார்டில் பயின்ற பெண் பட்டம் பெறுவாள். ஊசி போடும்போது அவள் கை நடுங்கும். முப்பது ஆண்டுகள் வார்டில் நின்றவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான்காண்டு பி.எஸ்சி. படிப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலத்திலும் தேறியவர்கள் சேரலாம். பண நெருக்கடி இருந்தால் ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டு பொது நர்சிங், பேறுகால டிப்ளமோ முடித்து, பின்னர் டிப்ளமோ பெற்றவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பின் மூலம் பட்டம் பெறலாம். இயன்றவரை நேராகப் பட்டத்துக்கே அனுப்புங்கள் என்பதே என் கருத்து.

சம்பளத்தைப் பற்றி உறவினர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. செவிலியர் நெடுநாள் போராடிய பிறகு, 2018-இல் கேரள அரசு தனியார் மருத்துவமனைகளுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளமாக 20,000 ரூபாயை அறிவித்தது. குமுளி மலையிறங்கிக் கம்பம் பக்கம் வந்தாலோ, சிறிய மருத்துவமனைகளில் அதைவிட மிகக் குறைவாக வாங்குவோர் இருக்கிறார்கள், இது அநியாயம். மத்திய அரசு மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டுமே 44,900 ரூபாய், படிகள் தனி. எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசர்களை எடுப்பதற்கான நார்செட் தேர்வை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலை என்று சொல்லப்படுவதும் பலருக்குத் தொகுப்பூதியத்தில், அதாவது முறையான ஊதிய விகிதம் இல்லாத மொத்தச் சம்பளத்தில்தான் தொடங்கியிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பி.எஸ்சி.யில் தனிப் பிரிவு கிடையாது. எல்லோரும் எல்லாவற்றையும் படிப்பார்கள். சிறப்புத் தகுதி பிறகுதான் வரும். தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றில் ஓராண்டு டிப்ளமோக்கள் உள்ளன. எம்.எஸ்சி. இரண்டாண்டு, பொது மருத்துவ–அறுவை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என ஐந்து பிரிவுகள் அதில் உண்டு. அதை முடிப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியப் பணிக்கே செல்கிறார்கள். படுக்கையருகிலேயே இருக்க விரும்புபவர்களுக்கு தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் சிகிச்சைப் பொறுப்பேற்கும் செவிலியர்) படிப்பு இருக்கிறது. இரண்டாண்டுகள் வார்டில் வேலை செய்தபின் மகளே தன் பிரிவைத் தேர்ந்தெடுக்கட்டும். வருமானம் என்று மட்டும் கேட்டால், ஐ.சி.யு. அனுபவத்துக்கு இங்கும் வெளிநாட்டிலும் மதிப்பு அதிகம்.

வெளிநாடு செல்லும் எண்ணம் வந்தால் நோர்க்கா, ஒடெபெக் ஆகிய கேரள அரசு அமைப்புகள் வழியாகச் செல்லட்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் கூட வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்க விதி இடம் தராது.

இரவு டியூட்டி கடினமானதுதான். உடல் பழகச் சில மாதங்கள் ஆகும். ஆனால் மலையாள மருத்துவமனை ஒன்றில், வலி எங்கே என்று தமிழில் சொல்லத் தவிக்கும் தோட்டத்துப் பாட்டியருகே உங்கள் மகள் போல் இரு மொழியும் தெரிந்த ஒருத்தி நிற்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஆண்கள் நர்சிங் படித்தால் வேலை கிடைக்குமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கிடைக்கும், தம்பி. எய்ம்ஸ் நியமனத்தில் 80 விழுக்காடு பெண்களுக்கும் 20 விழுக்காடு ஆண்களுக்கும் ஒதுக்கப்படுவதால் அங்கே போட்டி கடுமையாக இருக்கும். அவசர சிகிச்சை, மனநலம், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் ஆகிய இடங்களில் ஆண் செவிலியர்களை விரும்பி எடுக்கிறார்கள். பாலக்காட்டில் படித்துக் கோவையில் வேலைக்குச் செல்வதானால், கேரளக் கவுன்சிலில் பெற்ற பதிவைத் தமிழ்நாட்டுக் கவுன்சிலிலும் பதிந்துகொள்ள வேண்டும்; அந்த நடைமுறைக்கு நாளாகும் என்பதால் வேலை கையில் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.