அகவித்து இருந்தும் இளஞ்சிவப்பு நிறம் ஏன்?

பாக்டீரியாவை ஊதாவாகத் தெரியும் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரியும் கிராம் நெகட்டிவ் எனப் பிரிக்கும் கிராம் சாயமேற்றலில், உங்கள் பாக்டீரியா இளஞ்சிவப்பாகத் தெரிந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது கிராம் நெகட்டிவ் என்று இப்போதே பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியின் சேற்றிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்த கோல்வடிவ பாக்டீரியாவில் அகவித்துகள் (செல்லுக்குள் உருவாகும் உறங்குநிலை வித்துகள்) தெரிகின்றன என்றால், அது கிராம் பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; இளஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும் வளர்ப்பின் வயதால் வந்ததே.

மூன்று நாள் பழைய வளர்ப்புத் தட்டைப் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். முதிர்ந்த செல்களின் பெப்டிடோகிளைக்கான் என்னும் பொருளாலான செல்சுவர் சிதைந்திருப்பதால், முதலில் இடும் படிக ஊதாச் சாயமும் அயோடினும் சேர்ந்த கூட்டு ஆல்கஹாலில் கரைந்து வெளியேற, பின்னர் இடும் சாஃப்ரானின் என்னும் இளஞ்சிவப்புச் சாயம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

18 முதல் 24 மணி நேர வளர்ப்பை எடுத்து, அதே கண்ணாடித் தகட்டில் ஈ. கோலையையும் (கிராம் நெகட்டிவ்) ஸ்டஃபைலோகாக்கஸையும் (கிராம் பாசிட்டிவ்) ஒப்பீட்டுக்கு வைத்து மீண்டும் சாயமேற்றுங்கள். இந்த ஒப்பீட்டைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம்.

ஆயினும், அகவித்து உருவாக்கும் பேனிபேசில்லஸ் போன்ற சில பாக்டீரியப் பேரினங்கள் இளம் வளர்ப்பிலும் நிறம் மாறிக் காட்டக்கூடும்.